லக் எங்கே உட்காருகிறது: ஜூரோங் குளிர்பதனக் கிடங்கில் கருகிய ஒரு ஸ்டட் டெர்மினல்

“150 ஆம்பியர் டெர்மினல் பிளாக் கருகிவிட்டது. 200 ஆம்பியரில் ஆறு வேண்டும். எப்போது கிடைக்கும்?”

ஜூரோங் பக்கம் உள்ள ஒரு குளிர்பதனக் கிடங்கின் கொள்முதல் பிரிவிலிருந்து, காக்கி புக்கிட்டில் இருக்கும் எங்கள் பேனல் பட்டறைக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி இவ்வளவுதான். கூடவே ஒரு படம். ஸ்டட், அதாவது நட் போட்டு இறுக்கும் இழைக் கம்பி, வைத்த பிளாக்குகள் ஆறு வரிசையாக இருக்கின்றன. ஐந்தாவதின் ஒரு பக்கத்தில் பழுப்பேறிய பிளாஸ்டிக். அதன் மேல் சுருங்கி வெடித்த ஹீட் ஷ்ரிங்க் உறை.

ஆர்டரை எடுத்துக்கொண்டு ஆறு பிளாக்கை லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தால் வியாபாரம் முடிந்திருக்கும். ஆனால் கேட்டு வாங்கிய விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அம்மோனியா ஸ்க்ரூ கம்ப்ரஸர் ஒன்றை ஓட்டும் 110 கிலோவாட் மோட்டார், 400 வோல்ட். பெயர்ப்பலகையில் 195 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. முதலில் ஸ்டார் இணைப்பில் மெதுவாகக் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் என்பதால் பேனலிலிருந்து மோட்டாருக்கு ஆறு கடத்திகள் போகின்றன. டெல்டாவில் ஓடும்போது ஒவ்வொரு கடத்தியிலும் போவது 195-ஐ 1.732-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 113 ஆம்பியர் அளவு. ஸ்டார்ட் ஆகும் சில நொடிகள் அதைவிடப் பல மடங்கு போகும். ஆனால் ஒரு நாளில் சில தடவை வந்துபோகும் அந்த நொடிகளுக்காக ஒரு டெர்மினல் இப்படிக் கருகாது. 150 ஆம்பியர் பிளாக் 113 ஆம்பியரில் எரிந்தால், அதை 200 ஆக்குவதால் என்ன மாறப்போகிறது?

அந்த 150 எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடலாம். செப்புக் கடத்திகளுக்கான டெர்மினல் பிளாக்குகளின் தரநிலை ஐஇசி 60947-7-1. அதில் கடத்தியின் குறுக்குவெட்டுக்கு இவ்வளவு சோதனை மின்னோட்டம் என்று ஓர் அட்டவணை உண்டு: 35 சதுர மி.மீ.க்கு 125 ஆம்பியர், 50-க்கு 150, 70-க்கு 192, 95-க்கு 232, 120-க்கு 269. அந்த மின்னோட்டத்தில் டெர்மினலின் வெப்ப உயர்வு 45 கெல்வினைத் தாண்டக் கூடாது. கேட்லாக்கில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் ஆம்பியர் பெரும்பாலும் இந்த அட்டவணையிலிருந்து இறங்கி வந்ததுதான். சோதனைக்கூடத்தில் சரியான அளவு கேபிள், சரியான லக் (கேபிள் முனையில் அழுத்திப் பொருத்தும், துளையுள்ள செப்புத் தட்டு), சொன்ன டார்க் (நட்டை முறுக்கும் அளவு), நேராக அமர்ந்த இணைப்பு. இத்தனையும் சேர்ந்தால்தான் 150. இதில் ஒன்று மாறினாலும் அந்த எண்ணுக்குப் பிளாக் பொறுப்பில்லை.

ஆகவே பிளாக்கை அனுப்பவில்லை, நேரில் பார்க்கப் போனோம்.

பெட்டிக்குள் பார்த்தது

கம்ப்ரஸர் அறை 38 டிகிரியில் இருந்தது. பக்கத்து அறையில் மீன் உறைந்து கிடக்கிறது, இந்த அறையில் சட்டை நனைகிறது. குளிர்பதனக் கிடங்குகளின் இயல்பு இது. மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புச் சட்டத்தில் இருக்கின்றன, சட்டம் அதிர்கிறது. பேனலிலிருந்து வரும் 50 சதுர மி.மீ. ஆர்மர்டு கேபிள் இரண்டும், மூன்று கோர் வீதம், சட்டத்தின் ஓரத்தில் உள்ள ஒரு ஜங்ஷன் பெட்டியில் முடிகின்றன. அங்கிருந்து மோட்டார் வரை வளையக்கூடிய ஒற்றைக் கோர் வயர்கள். விறைப்பான கேபிளை அதிரும் மோட்டாரில் நேரே கட்டாமல் நடுவில் இப்படி ஒரு பெட்டி வைப்பது நல்ல ஏற்பாடு. பெட்டியை வடிவமைத்தவர் யோசித்துத்தான் செய்திருக்கிறார்.

பராமரிப்பு மேற்பார்வையாளர் தெர்மல் கேமராப் படத்தைக் காட்டினார். வருடாந்திர ஸ்கேனில் எடுத்தது. கருகிய ஐந்தாவது பிளாக்கில் சேரும் வி2 கேபிளின் உறையில் 97 டிகிரி, பக்கத்தில் லக்கின் மேல் 58. “லக்கு கூலாத்தான் இருக்கு பிரதர், கேபிள்தான் சூடு. கேபிள் சைஸ் பத்தலையோ?” என்று கேட்டார்.

இந்த இடத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பளபளவென்று இருக்கும் வெள்ளீயம் பூசிய செப்பு, வெப்பக் கதிர்களை மிகக் குறைவாகவே வெளிவிடும். கேமரா அதைப் பார்க்கும்போது பெரும்பாலும் சுற்றிலும் உள்ள பொருட்களின் பிரதிபலிப்பைத்தான் பார்க்கிறது. பக்கத்தில் இருக்கும் கறுப்பு உறை கதிரை நன்றாக வெளிவிடும், அதனால் அதில் வரும் எண்ணை நம்பலாம். உறையே 97 என்றால், வெப்பம் பிறக்கும் லக் அதற்கும் மேலேதான் இருந்திருக்க வேண்டும். கேபிள் சைஸ் பற்றாமல் இருந்தால் அது நீளம் முழுவதும் ஒரே மாதிரி சூடாகும். இங்கே பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பார்த்தால் மற்ற கேபிள்களுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

கிடங்கின் பொறுப்பில் இருக்கும் உரிமம் பெற்ற மின்பணியாளர் சப்ளையை நிறுத்திப் பூட்டு மாட்டி, மின்சாரம் இல்லை என்று சோதித்துக் காட்டிய பிறகு பெட்டியில் கை வைத்தோம். வயரிங் தம்பி புதுக்கோட்டைக்காரர், வேலையில் சுத்தமானவர். வி2-வின் நட்டில் ஸ்பானரை மாட்டி அழுத்தினார். அசையவில்லை.

“டைட்டாத்தான்ணே இருந்துச்சு. போன மாசம்தான் எல்லாத்தையும் ஒருவாட்டி முறுக்கிவிட்டேன்” என்றார்.

நட் இறுகியிருந்தது உண்மைதான். அது எதன் மேல் இறுகியிருந்தது என்பதைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது. அடியில் செப்புப் பட்டை. அதன் மேல் ஒரு துத்தநாகம் பூசிய இரும்பு வாஷர். அதன் மேல் லக். அதன் மேல் இன்னொரு வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட். லக்கின் இரண்டு ஓரங்களும் பிளாக்கின் பிளாஸ்டிக் தோள்களில் ஏறி உட்கார்ந்திருந்தன. தோள் உருகியிருக்கவில்லை, பாலிஅமைட் 66 உருக 260 டிகிரி அளவுக்குப் போக வேண்டும். ஆனால் லக்கின் ஓரம் பதிந்த இடத்தில் ஒரு பள்ளம், விரல் நகத்தால் தடவினால் படுகிற அளவுக்கு. சூடும் அழுத்தமும் சேர்ந்து நாள்பட அமுங்கிய பிளாஸ்டிக். அது அமுங்க அமுங்க, நட் கொடுத்த பிடி அதற்கேற்பக் குறைந்துகொண்டே போயிருக்கிறது. இடையில் ஒருமுறை முறுக்கியதும் மறுபடி பிளாஸ்டிக்கைத்தான் அழுத்தியிருக்கிறது.

இந்த நிலை எப்படி வந்தது

மோட்டார் சில காலத்துக்கு முன் ரீவைண்டிங்குக்கு, அதாவது உள்ளே இருக்கும் செப்புச் சுருளைப் புதிதாகச் சுற்ற, போய் வந்திருக்கிறது. அனுப்பும்போது அதில் 50 சதுர மி.மீ. வயரும் எம்8 (8 மி.மீ. ஸ்டட்டுக்கான) துளை லக்கும் இருந்தன. திரும்பி வரும்போது 70 சதுர மி.மீ. வயர், எம்10 துளை லக். வயர் பெரிதானதில் கெடுதல் இல்லை; கையிருப்பில் இருந்ததைப் போட்டிருப்பார்கள். கிரிம்ப்பும், அதாவது லக்கை வயரில் அச்சு வைத்து நசுக்கிப் பிடித்ததும், சரி. லக்கின் குழாய்ப் பகுதியில் 16 என்ற எண் தெளிவாகப் பதிந்திருந்தது. டிஐஎன் 46235 லக்குகளுக்கு 70 சதுர மி.மீ. அச்சின் அடையாள எண் அது. 50 என்றால் 14, 95 என்றால் 18 என்று போகும். அச்சு மாறிப்போன கிரிம்ப் என்றால் அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். ஆக ரீவைண்டிங் பட்டறையின் கிரிம்ப் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெட்டியில் இருந்த பிளாக்குகளோ பழையபடி எம்8 ஸ்டட், 50 சதுர மி.மீ. வகை. வெர்னியரை வைத்துப் பார்த்தோம். பிளாக்கில் லக் உட்காரும் பள்ளத்தின் அகலம் 22 மி.மீ. பேனல் பக்கத்து 50 சதுர மி.மீ. லக்கின் தட்டைப் பகுதி 20 மி.மீ., அது பள்ளத்தில் இறங்கி செப்பின் மேல் படிந்து உட்கார்ந்திருக்கிறது. மோட்டார் பக்கத்து லக் 24 மி.மீ.; இறங்காது. “பிளாஸ்டிக்ல இடிக்குதுன்னு அடியில ஒரு வாஷர் குடுத்தேன்ணே” என்றார் தம்பி. லக் செப்பைத் தொட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரவு கம்ப்ரஸரை ஓட்டியாக வேண்டும், உள்ளே சரக்கு இருக்கிறது, கையில் இருந்தது வாஷர்தான்.

துளையிலும் பிரச்சினை. எம்10 லக்கின் துளை 10.5 மி.மீ. எம்8 நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 13 மி.மீ. நட்டின் விளிம்பு லக்கில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றேகால் மி.மீ. மட்டுமே மிதிக்கிறது. வாஷர் போட்டால் மிதிக்கும் பரப்பு கூடும், ஆனால் நடுவில் தாங்கல் இல்லாததால் இறுக்கும்போது அந்த வாஷர் கிண்ணம் போலக் குழியும். வி2-வின் மேல் வாஷர் அப்படித்தான் குழிந்திருந்தது. லக்கும் ஸ்டட்டின் மையத்தில் இல்லை. வயரின் வளைவு அதை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருந்தது.

அந்த அடி வாஷர் இரும்பு என்பதால் மின்தடை கூடியது என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அப்படி வராது. ஒன்றரை மி.மீ. தடிப்புள்ள இரும்போ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ, அந்தப் பரப்புக்கு அதன் சொந்தத் தடை பத்து மைக்ரோ ஓமைக்கூட எட்டாது. தொல்லை அதன் இரண்டு முகங்களில் இருக்கிறது. செப்பு நேராகச் செப்பைத் தொட்டால் ஒரே சந்திப்பு. வாஷர் நடுவில் வந்தால் இரண்டு சந்திப்பு, இரண்டுமே ஆக்சைடு படியும் கடினமான முகங்கள். அழுத்தம் போதாதபோது அந்த முகங்கள் நாலைந்து புள்ளிகளில் மட்டும் தொடுகின்றன. மின்சாரம் முழுவதும் அந்தப் புள்ளிகள் வழியாகப் போயாக வேண்டும்.

மைக்ரோ ஓம் மீட்டரால் ஒவ்வொரு சந்திப்பையும் அளந்தோம். வி2-வை ஏற்கெனவே பிரித்துவிட்டதால் அதை இருந்தது இருந்தபடியே பூட்டி அளக்க வேண்டியிருந்தது. அதனால் அந்த ஓர் எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பேனல் பக்கத்து ஆறும் 30 மைக்ரோ ஓமுக்குள். மோட்டார் பக்கத்தில் ஐந்து, 90-லிருந்து 200 வரை சிதறிக் கிடந்தன. வி2 மட்டும் 900. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பம்: 113 ஆம்பியருக்கு, 30 மைக்ரோ ஓமில் 0.4 வாட்டுக்கும் குறைவு. 900 மைக்ரோ ஓமில் பதினொன்றரை வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பாதிச் சூட்டில் மூடிய பெட்டிக்குள் இரவும் பகலும் ஓடவிட்ட மாதிரி.

வி2 மட்டும் ஏன் முதலில் போனது? அது கிளாண்டுக்கு (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதைப் பிடிக்கும் பொருத்திக்கு) நேர் எதிரே இல்லை. அதன் வயர்தான் பெட்டிக்குள் மிகவும் இறுக்கமாக வளைந்து வருகிறது. அதிர்வு வரும்போதெல்லாம் அந்த லக்கை ஒரு சின்ன நெம்புதல் போலத் தூக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். மற்ற ஐந்தும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தன, கொஞ்சம் மெதுவாக.

எதை வாங்குவது

கொள்முதல் பிரிவு கேட்டது 200 ஆம்பியர். அந்த வாக்கியத்தை எந்தக் கடைக்காரரிடம் சொன்னாலும் அவர் எடுத்து வைப்பது 70 சதுர மி.மீ. வகையாகத்தான் இருக்கும், 192 ஆம்பியர். நாங்கள் பார்த்த குடும்பத்தில் அதற்கும் எம்8 ஸ்டட்தான். பள்ளம் அகலம், 24 மி.மீ. லக் இறங்கும், தோள் தொல்லை போய்விடும். ஆனால் எம்10 துளை எம்8 ஸ்டட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். பாதி நோய் தீர்ந்து மீதி உள்ளே தங்கும் வகை இது. ஸ்கேனில் அடுத்த வருடம் நன்றாக இருக்கும், அதற்கடுத்த வருடம் இருக்காது.

அதே பிளாக்கை வைத்துக்கொண்டு மோட்டார் வயர்களின் லக்கை வெட்டிவிட்டு 70-க்கு எம்8 துளை லக் போடுவது இன்னொரு வழி. செலவு குறைவு, பெட்டியும் மாற வேண்டாம். வயரில் நீளம் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். இங்கே ரீவைண்டிங் பட்டறை வயரைக் கணக்காக வெட்டி அனுப்பியிருந்தது. லக் ஒன்றை வெட்டினால் ஐந்து சென்டிமீட்டர் அளவு போகும். அதிரும் சட்டத்துக்குத் தேவையான தளர்ந்த வளைவும் அதோடு போய்விடும். வயரை இழுத்துக் கட்டிய டெர்மினலுக்கு எவ்வளவு நல்ல பிளாக் போட்டும் பயனில்லை.

பேனல் பக்கத்து எம்8 லக்குகளின் துளையை ட்ரில் போட்டுப் பெரிதாக்கிவிட்டு எம்10 பிளாக் போடலாம் என்று ஒரு யோசனை அங்கேயே வந்தது. வேண்டாம் என்றேன். துளையைச் சுற்றி இருக்க வேண்டிய உலோகம் குறையும், வெள்ளீயப் பூச்சு போகும், பிசிறு நிற்கும். பேனல் கேபிளில் சுருள் விட்டிருந்தார்கள், அதனால் அங்கே வெட்டிப் புது லக் அடிப்பதில் கஷ்டமில்லை. 50 சதுர மி.மீ.க்கு எம்10 துளை லக் ஜாலான் புசார் பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கும். வாங்கும்போது அந்த லக்கின் அகலத்தையும் அளந்து பார்த்துவிட வேண்டும். ஒரே கேபிள் சைஸிலேயே துளை பெரிதாகும்போது தட்டைப் பகுதியும் சில மில்லிமீட்டர் விரியும்.

இன்ஸுலேட்டர் தூண்களில் செப்புப் பட்டை பொருத்தி எம்10 போல்ட் போட்டு நாங்களே செய்துகொடுப்பதையும் பேசினோம். மலிவு, உறுதி, பழைய ஆட்களுக்குப் பிடித்த முறை. ஆனால் அதற்கு வெப்ப உயர்வு, இடைவெளி, விரல் படாத மூடி எல்லாவற்றுக்கும் பொறுப்பு பட்டறையின் தலையில் வரும். சோதித்துச் சான்று பெற்ற பிளாக் கிடைக்கும் இடத்தில் அந்தச் சுமை எதற்கு?

ஆகவே கடைசியில் நின்றது எம்10 இரட்டை ஸ்டட் பிளாக், 120 சதுர மி.மீ. வகை. கேட்லாக்கில் 269 ஆம்பியர். கொள்முதல் பிரிவுக்கு இந்த எண் பிடித்திருந்தது. அதை நாங்கள் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்க லக்கும் பள்ளத்தில் தாராளமாக இறங்குகின்றன, துளையும் ஸ்டட்டும் பொருந்துகின்றன. பிடியும் கூடுகிறது: அந்தத் தயாரிப்பாளர் எம்8 ஸ்டட்டுக்கு 6 முதல் 12 நியூட்டன் மீட்டரும், எம்10-க்கு 10 முதல் 20-ம் சொல்கிறார். உராய்வையெல்லாம் சேர்த்த டார்க் கெழு (நட் ஃபேக்டர்) வழக்கமான 0.2 என்று வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், மேல் எல்லையில் எம்8 கொடுக்கும் அழுத்தம் 7.5 கிலோநியூட்டன், எம்10 கொடுப்பது 10. தொடர்புத் தடையை இறக்குவது இந்த அழுத்தம்தான், லக் எவ்வளவு அகலமாகப் படர்ந்திருக்கிறது என்பது அல்ல. இழையில் கிரீஸ் தடவினால் அதே டார்க்குக்கு அழுத்தம் கூடிப்போய் ஸ்டட்டையே இழுத்துவிடும். அதனால் தயாரிப்பாளர் சொன்னால் ஒழியத் தடவக் கூடாது.

ஷார்ட் சர்க்கியூட் தாங்கும் திறனை ஒரு வரியில் முடித்துவிடலாம். அதே ஐஇசி தரநிலை ஒரு நொடிக்குச் சதுர மி.மீ.க்கு 120 ஆம்பியர் என்று கணக்கு வைக்கிறது. 50 சதுர மி.மீ. கடத்திக்கு 6 கிலோஆம்பியர் என்று வரும். மேலே உள்ள எம்சிசிபி (பேனலில் இருக்கும் சர்க்கியூட் பிரேக்கர்) ஒரு நொடிக்கு வெகு முன்பே விழுந்துவிடும்.

அம்மோனியாவும் பித்தளையும்

ஸ்டட் எந்த உலோகம் என்பதைச் சாதாரண இடத்தில் இவ்வளவு விவாதிக்கத் தேவையில்லை. லக் நேராகச் செப்புப் பட்டையில் உட்கார்ந்தால் மின்சாரம் பட்டை வழியாகப் போகும். ஸ்டட்டின் வேலை பிடித்து இழுப்பது மட்டும்தான். அதனால் இரும்பு ஸ்டட் என்றால் தரம் குறைந்தது என்ற எண்ணம் தவறு. இழுத்துப் பிடிக்க இரும்புதான் நல்லது.

இந்த இடம் அம்மோனியா அறை. கடையில் எங்களுக்குக் காட்டிய இரண்டு வகைகளில் ஒன்றுக்குப் பித்தளை ஸ்டட், விலை ஒன்றுதான். பார்க்கவும் மின்சார வேலைக்கு அதுவே பொருத்தம் என்று தோன்றும். ஆனால் இழுவிசையில் நிற்கும் பித்தளையும், ஈரமும், அம்மோனியாவும் ஒன்றுசேரக் கூடாது. அந்த மூன்றும் சேர்ந்தால் பித்தளை, தேயாமல் துருப்பிடிக்காமல், திடீரென்று கீறல் விட்டு உடையும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே பிளந்த கதை உலோகவியலில் பிரசித்தம். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல் விளக்கப்பட்டது. இறுக்கி வைத்த எம்10 ஸ்டட் என்பது நாள் முழுவதும் இழுவிசையில் நிற்கும் ஒரு கம்பி. குளிர்பதன ஆலையில் எங்கேனும் ஒரு சீல் கசிந்தால் மூக்குக்குத் தெரியும் அளவு அம்மோனியா வந்துபோகும். ஈரப்பதத்துக்கு சிங்கப்பூரில் பஞ்சமா?

ஆகவே பூச்சிட்ட இரும்பு ஸ்டட், வெள்ளீயம் பூசிய செப்புப் பட்டை, இரும்பு நட்டும் வாஷரும். பித்தளை நட் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது என்று ஆர்டரில் தனி வரியாகப் போட்டோம், ஏனென்றால் கடையில் கைக்குக் கிடைத்த நட்டைப் பையில் போட்டுத் தரும் வழக்கம் உண்டு. கேபிள் கிளாண்டுகள் பித்தளைதான். அவற்றையும் அதே காரணத்துக்காக ஒரு முறை துடைத்துப் பார்த்தோம், கீறல் எதுவும் தெரியவில்லை. புதுப் பெட்டிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாண்ட் போட்டோம். விலை கூடுதல், மேற்பார்வையாளர் முகம் கொஞ்சம் சுளித்தது.

பெட்டி, வளைவு, டார்க்

70 வகை பிளாக் ஒன்று 32 மி.மீ. அகலம், 120 வகை 42 மி.மீ. ஆறு வைத்தால் 192 எங்கே, 252 எங்கே. பழைய பெட்டி 300 மி.மீ. அகலம். உள்ளே போட்டால் போகும், மூடியும் மூடும். ஆனால் ஆர்மர்டு கேபிளுக்கு உறை விட்டத்தைப் போல 6 முதல் 8 மடங்கு வளைவு ஆரம் கொடுக்க வேண்டும், உள்ளே பிரிந்து வரும் கோர்களும் லக்கை இழுக்காமல் வந்து சேர வேண்டும். வி2 கெட்டதற்கு இடநெருக்கடியும் ஒரு காரணம் என்று தெரிந்த பிறகு அதே பெட்டியில் இன்னும் பெரிய பிளாக்கைத் திணிப்பது சரியில்லை. 400க்கு 400, ஆழம் 200 மி.மீ., தூசியும் தண்ணீர்ப் பீச்சும் புகாத ஐபி66 பெட்டிக்கு மாறினோம். பிளாக்குகளை டிஐஎன் ரெயிலில் மாட்டாமல் அடித்தட்டில் நேராக ஸ்க்ரூ போட்டோம். 70 சதுர மி.மீ. வயர் அதிரும்போது ரெயில் கிளிப்பை நம்பி நிற்க வேண்டியதில்லை.

ஒற்றைக் கோர் வயர்கள் வெளியேறும் பக்கத்து கிளாண்ட் தட்டை அலுமினியத்தில் செய்தோம். ஆறு ஒற்றைக் கோர்களும் இரும்புத் தட்டில் தனித்தனித் துளை வழியாகப் போனால் துளையைச் சுற்றி இரும்பு சூடாகும். இதைச் சொல்லிக்கொடுக்காத ஆசிரியர் இல்லை, ஆனாலும் தளத்துக்குத் தளம் அந்த இரும்புத் தட்டு இருக்கத்தான் செய்கிறது.

பேனல் கேபிளின் இன்ஸுலேஷன் எக்ஸ்எல்பிஇ என்ற பிளாஸ்டிக் வகை, 90 டிகிரி வரை தாங்கும். அதற்காகக் கேபிளை 90 வரை ஓட்டுவது முறையில்லை, ஏனென்றால் அதன் முனையில் இருக்கும் உபகரணங்கள் பெரும்பாலும் 70 டிகிரிக் கடத்திக்கு ஏற்றவை. சிங்கப்பூரின் மின் நிறுவல் விதிநூலான எஸ்எஸ் 638 வழிநின்று கேபிள் சைஸ் போடுபவர்கள் சுற்றுப்புற வெப்பத்துக்குக் குறைப்பு போடுவதை மறப்பதில்லை; முனை வெப்பத்தை மறந்துவிடுகிறார்கள். இங்கே 113 ஆம்பியருக்கு 50 சதுர மி.மீ. கொடுத்திருந்ததால் கேபிள் அந்த எல்லைக்கு வெகு கீழேதான் ஓடுகிறது. முதலில் கேபிள் போட்டவருக்கு இதற்கும் நன்றி சொல்ல வேண்டும்.

பொருத்தும்போது ஒழுங்கு ஒன்றுதான்: செப்புப் பட்டை, லக், தட்டை வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட். லக்கின் அடியில் எதுவும் இல்லை. ஒரு ஸ்டட்டில் ஒரு லக் மட்டும். தம்பி முதல் லக்கை வைத்தவுடன் ஒரு தாள் துண்டை நாலு ஓரத்திலும் விட்டுப் பார்க்கச் சொன்னேன். எந்தப் பக்கமும் நுழையவில்லை என்றால் செப்பின் மேல் முழுதாகப் படிந்திருக்கிறது. பிறகு டார்க் ரெஞ்சில் 18 நியூட்டன் மீட்டர். ரெஞ்ச் ‘டக்’ என்றதும் கையை எடுத்துவிட வேண்டும். “இன்னொரு கால் சுத்து குடுக்கவாண்ணே?” என்று பழக்கத்தில் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, நட்டிலும் ஸ்டட்டிலும் சேர்த்து ஒரு கோடு பெயிண்ட் போடச் சொன்னேன். கோடு விலகியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தாலே போதும். வருடா வருடம் எல்லா நட்டையும் ஒரு முறுக்கு முறுக்குவதை நிறுத்தலாம்.

முடித்து அளந்ததில் பன்னிரண்டு சந்திப்புகளும் 15-லிருந்து 25 மைக்ரோ ஓமுக்குள் வந்தன. எண் சிறியதாக இருந்ததைவிட, எல்லாம் ஒன்றுபோல இருந்ததுதான் எனக்குத் திருப்தி. முழு லோடில் ஓடவிட்டு, லக்கை ஒட்டி முன்பே சுற்றியிருந்த கறுப்பு டேப்பில் கேமராவை வைத்துப் பார்த்தோம். 38 டிகிரி அறையில் ஆறு முனைகளும் 55-ஐ ஒட்டி நின்றன, ஒன்றுக்கொன்று இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசமில்லை.

அதே அறையில் இதே அளவுள்ள இரண்டாவது கம்ப்ரஸர் ஒன்று இருக்கிறது. அதன் பெட்டியிலும் பழைய 150 ஆம்பியர் எம்8 பிளாக்குகள்தான். கொள்முதல் பிரிவு அதையும் சேர்த்து மாற்றிவிட விலை கேட்டது. திறந்து பார்த்தோம். அந்த மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போகவில்லை. இரண்டு பக்கமும் 50 சதுர மி.மீ., எம்8 லக், பள்ளத்துக்குள் இறங்கிச் செப்பில் படிந்திருக்கின்றன. தடை 30 மைக்ரோ ஓமுக்குள். ஸ்டட் மட்டும் பித்தளையா என்று காந்தம் வைத்துப் பார்த்தோம், ஒட்டியது. அந்த ஆறையும் அப்படியே விட்டுவிட்டு மூடியைப் பூட்டினோம். உள்பக்கத்தில் மட்டும் ஒரு லேபிள் ஒட்டினோம்: “ஸ்டட் எம்8, லக் அகலம் 22 மி.மீ.க்கு மேல் கூடாது.” அடுத்த முறை மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போகும்போது அந்த வரியை வேலை ஆர்டரில் எழுதிக் கொடுப்பதாக மேற்பார்வையாளர் சொன்னார்.